மகளின் ஆராய்ச்சிக்கு நான் செய்த ஒத்தாசை

இருங்காட்டுக்கோட்டை
12-9-2006

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் ராஜாமணி அவர்களுக்கு,

முனிரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை கிளியம்மாளும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைத்தான் கீழே எழுதப்போகிறேன். ஆற்காட்டில் தாங்களும், தங்கச்சியும், தங்கள் முழங்காலும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லத்தான் பார்த்தேன். இரண்டு தடவை நம்பரைப் போட்டு, தாங்கள் ‘ஹலோ’ என்றதும் போனை வைத்துவிட்டேன். அது நான்தான். ராங் நம்பர் என்று தாங்கள் திட்டியது என் காதில் விழுந்தது, பரவாயில்லை.

விஷயம் இசைவாணியைப் பற்றி. ஆனி மாசக் கடைசியில் வீட்டை விட்டுப் போனவள் இன்னும் என்னோடு பேசவில்லை. சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருப்பதாகக் கிளியம்மாள் சொல்கிறாள். சின்ன வயதிலிருந்தே மாமா சொன்னால்தான் அவள் மாத்திரைகூட விழுங்குவாள் என்பதால் தங்களைக் கேட்கிறேன். தாங்கள் போய்ப் பார்க்கும்போது ‘உங்கப்பன் என்னம்மா செய்தான்?’ என்று அவளைக் கேட்டு, அவள் சொல்லி, தாங்கள் சங்கடப்படக் கூடாதே என்று நடந்ததையெல்லாம் நானே முன்கூட்டி எழுதிவிடுகிறேன்.

அவள் எம்.ஃபில். ஆராய்ச்சி செய்வது தங்களுக்குத் தெரியும். தலைப்பு தெரியாது. ‘ஒன்றன்மேல் ஒன்றாக விழும் ஒடுக்குமுறைகளும் அவற்றை ஆராயும் முறைகளும்.’ முதல் தடவை கேட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. “இன்னாம்மா இது?” என்றேன். “அப்பா, ஒருத்தி பொம்பளை. அதோட காலனிக்காரி. அதோட வெளியூர். அதோட கான்ட்ராக்ட் வேலை. நாலு பேரு ஒரே நேரத்துல அவ தோள்ல கை வெச்சு அமுக்கறாங்கன்னு வெச்சுக்கோ. எது யார் கைன்னு அவளால பிரிச்சுச் சொல்ல முடியுமா? அப்ப அவகிட்ட எப்படிக் கேக்கறது, யாரு கேக்கறது, யாரு பக்கத்துல இருக்கும்போது கேக்கறது, அதான் என் ஆராய்ச்சி” என்றாள். கேள்வி கேட்பதற்கெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மச்சான். நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவன். ‘ஏன் லேட்டு?’ என்று ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு சர்வீஸ் முழுக்க ஓட்டியவன். சரி, பெண் கஷ்டப்படுகிறாளே, நாமும் வீட்டில் சும்மாதானே இருக்கிறோம், கூடமாட ஒத்தாசை செய்யலாம் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். அங்கே பிடித்தது சனி.

ஆராய்ச்சிக்கு அவள் வெளியே எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. நம் மாடி ரூமிலேயே இரண்டு பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். இசக்கிசெல்வி, சுகப்பிரியா. இரண்டு பேரும் சங்கரன்கோவில் பக்கம், வேறு வேறு கிராமம். செல்போன் பாகம் பூட்டுகிற கம்பெனியில் கான்ட்ராக்ட். நம்பிராஜன் என்று ஒரு கான்ட்ராக்டர், அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான், ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டிவந்து கம்பெனிகளில் சேர்ப்பவர், அவர்தான் கொண்டுவந்து விட்டார். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஒரே பாயில் படுப்பார்கள். இதில் இசக்கிசெல்வி இருக்கிறதே, அது வாயைத் திறந்தால் வீடே கலகலக்கும். லைன் சூப்பர்வைசர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடப்பதை அது நடந்து காட்டினால், கிளியம்மாள் சல்லடையை மாவோடு கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள். ரூம் விடும்போது நான் வழக்கம்போல எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தேன். மேற்காலத் தெரு என்று முனகியது. முனகலிலேயே அது எந்தச் சாதிக்காரர்கள் தெரு என்று புரிந்துகொண்டேன். புரிந்தும் ரூம் கொடுத்தேன். சுகப்பிரியாவுக்குத் தெரியாது என்பதும் தெரிந்தது. நாமும் வெளியே சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான், மச்சான், கடைசியில் என்னைக் கொண்டுபோய்க் கவிழ்த்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கேள்வித்தாள். இசைவாணி அச்சடித்துக் கொண்டுவந்து மாடியிலும் அக்கம்பக்கத்து ரூம்களிலும் இருக்கும் பெண்களுக்குக் கொடுத்து, ஆற அமர எழுதித் தரட்டும் என்று சொல்லிவிட்டு சென்னை போனாள். பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறவர்கள். கேள்வித்தாள் எல்லாம் மாடிப்படியில் காற்றில் பறந்தது. பொறுக்கி எடுத்து, பாவம் இதுங்களுக்கு ஏது நேரம் என்று, எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து பூர்த்தி செய்தேன். ‘தங்குமிடத்தில் பாகுபாடு உணர்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு எல்லாருக்குமாக ‘இல்லை, வீட்டுக்காரர் தங்கமானவர்’ என்று எழுதினேன். ‘பணியிடத்தில்?’ என்பதற்குச் சிலருக்கு ‘ஆம்’, சிலருக்கு ‘இல்லை’ என்று கலந்து போட்டேன், அப்போதுதானே நிஜமாக இருக்கும். இசைவாணி வந்து பார்த்தாள். அத்தனையும் என் பச்சை மை. தலையில் கை வைத்துக்கொண்டு, “அப்பா, அவங்க எழுதாம விட்டிருந்தாக்கூட எனக்கு ஏதோ தெரிஞ்சிருக்கும்” என்றாள். வெற்றுத் தாளிலிருந்து என்ன தெரியும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

அடுத்தது டேப் ரெக்கார்டர். லீவு நாளில் இசக்கிசெல்வியைத் தனியாக உட்காரவைத்துப் பேசப்போவதாகச் சொன்னாள். தனியாகப் பேசினால் அந்தப் பெண் கூச்சப்படுமே என்று நானும் காபியைத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இசைவாணி கண்ணால் ஜாடை காட்டினாள். தூசி விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். “இங்க தங்கறதுல எதாச்சும் கஷ்டம் இருக்கா செல்வி?” என்று அவள் கேட்டதும் அந்தப் பெண் என்னைப் பார்த்தது. “சொல்லும்மா, பயப்படாம சொல்லு” என்றேன். “ஒண்ணுமில்லக்கா” என்றது. அதைவிட விளக்கமாகச் சொன்னால்தானே ஆராய்ச்சிக்கு ஆகும் என்று நானே விளக்கினேன். அப்புறம் டேப்பைப் போட்டுக் கேட்டால் முக்கால்வாசி என் குரல்தான். நடுநடுவே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, “சார் சொல்லுதது சரிதாங்க்கா.”

இசைவாணி கோபித்துக்கொள்ளவில்லை. “இனிமே கேக்கறதா இல்ல. கூடவே இருந்து பாக்கப் போறேன்” என்று பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு மாடி ரூமுக்கே குடிபோய்விட்டாள். அதுவும் ஒரு முறையாம். பெற்ற பெண் மேலே, நாங்கள் கீழே. எனக்கு மனசு கேட்குமா? மாடித் தொட்டிக்கு வழக்கமாகக் காலையில் கொஞ்ச நேரம்தான் மோட்டார் போடுவேன். இவள் மேலே இருக்கிறாளே என்று காலையிலும் மாலையிலும் தொட்டி வழிய வழியப் போட்டேன். டியூப்லைட் மாற்றினேன். கக்கூஸ் கதவுக்குக் கொண்டி வைத்தேன். அந்தக் கதவு அவர்கள் குடிவந்த நாளிலிருந்தே கொண்டி இல்லாமல்தான் இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை. இசக்கிசெல்வி ஒரே குஷி. “எக்கா, ஒங்க ஆராய்ச்சி முடியவே கூடாதுக்கா” என்று அது சொல்வது கீழே கேட்டது. இசைவாணி படி இறங்கி வந்தாள். “அப்பா, அவங்க எப்படி வாழறாங்கன்னு பாக்கத்தான் மேல போனேன். நான் எப்படி வாழறேன்னு நீ அவங்களுக்குக் காட்டிட்ட” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் கடைசி.

கடைசியாகக் குழுக் கலந்துரையாடல் என்று ஒன்று வைத்தாள். “ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஏழெட்டுப் பொண்ணுங்க மாடிக்கு வருவாங்க. சும்மா ஒக்காந்து பேசிக்கினு இருப்போம். நீயும் அம்மாவும் படப்பை கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்கப்பா” என்றாள். எங்களை வெளியே அனுப்பத்தான் சொல்கிறாள் என்று கிளியம்மாளுக்குப் புரிந்தது. எனக்கு, அப்பனுக்குச் சிரமம் வேண்டாம் என்று பெண் விட்டுக்கொடுக்கிறாள் என்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மற்ற பெண்களைக் கூட்டிவரப் போனதும், சாமியானாக்காரனை வரவழைத்துத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டேன். மைக் செட், கம்பத்துக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர், பிளாஸ்டிக் நாற்காலி, போண்டா. வார்டு மெம்பர் பெருமாள்சாமிக்குச் சொல்லி அனுப்பினேன். பெண்களின் பாதுகாப்புக்கு அவர்கள் ஆளும் ஒருவர் இருக்கட்டும் என்று நம்பிராஜனுக்கும் சொல்லி அனுப்பினேன். துணியில் பேனர் எழுதிக் கட்டினேன்: ‘ஒடுக்கப்பட்ட பெண்கள் கலந்துரையாடல். அனைவரும் வருக.’ கிளியம்மாள் பட்டுப்புடவையோடு வாசலில் வந்து நின்று, “இன்னாங்க, கல்யாணத்துக்குப் போலாம்னா இன்னாத்துக்குப் பந்தல் போட்டுக்கினு கீறீங்க? அது இன்னா சொல்லிச்சு, நீங்க இன்னா செய்றீங்க?” என்றாள். “உனக்கு ஒன்றும் தெரியாது, போண்டாவைப் பார்” என்றேன்.

மெம்பரும் அவரோடு வந்த ஆண்களும் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பெண்கள் வந்து பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, பின்னால் தார்ப்பாயில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்து உட்கார்ந்தார்கள். இசைவாணி முகத்தில் ஈயாடவில்லை. “அப்பா, நிறுத்திடலாம். ப்ளீஸ்” என்றாள். “பெரிய மனுஷங்க வந்துட்டாங்கம்மா” என்றேன். மெம்பர் எழுந்து பெண்கள் நாட்டின் கண்கள் என்று நெடுநேரம் பேசினார். நம்பிராஜன் எழுந்து, “எம்புள்ளயளுக்கு ஒரு கொறையும் கெடையாது. வேணும்னா கேட்டுப் பாருங்க” என்றார். கேட்கத்தானே கூடியிருக்கிறோம்! மைக்கைத் தூக்கிக்கொண்டு நேரே போய் இசக்கிசெல்வி கையில் கொடுத்தேன். வாய் உள்ள பெண், வாத்து நடை நடந்து காட்டுகிற பெண், நன்றாகப் பேசும் என்று நினைத்தேன். “பயப்படாம பேசும்மா, நான் இருக்கேன்” என்றேன். அது எழுந்து நின்றது. ஸ்பீக்கரில் முதலில் அதன் மூச்சு கேட்டது. அப்புறம் பேசியது.

“என்னத்தச் சொல்ல... லைன்ல நின்னா பொம்பளன்னு ஒரு பேச்சு, கான்ட்ராக்டுன்னு ஒரு பேச்சு. ஒண்ணுக்குப் போயிட்டு வந்தா எவ்வளவு நேரம்னு எல்லாரு காதுலயும் விழுதாப்ல கேக்காவ. பஸ்ஸுல ஏறுனா தெக்கத்திக்காரின்னு இங்க உள்ளவிய ஒதுங்கி ஒக்காருதாவ. ரூமுக்கு வந்தா...” அங்கே நிறுத்திவிட்டது. சுகப்பிரியா இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தது. “ரூமுல ஒண்ணுமில்ல. ரூமுலதான் நல்லாருக்கு” என்றது.

நம்பிராஜன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, “எந்த ஊரு, எந்தத் தெருன்னுலாம் எனக்குத் தெரியும் தாயி. ரொம்பப் பேசாத, உக்காரு” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, மச்சான். என் வீட்டு வாசலில், என் பந்தலில், என் வீட்டில் தங்கியிருக்கிற பெண்ணை இந்த ஆள் மட்டம் தட்டுவதா? மைக்கை வாங்கினேன். பஸ் வரவு சொல்லிப் பழகிய குரல், தெருக்கோடி வரை போகும். “மெம்பர் அவர்களே, பெரியோர்களே! யார் எந்தத் தெருவாக இருந்தால் என்ன? இந்த முனிரத்தினம் வீட்டில் அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. இந்த இசக்கிசெல்வி காலனிப் பெண் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ரூம் கொடுத்திருக்கிறேன்!” என்றேன். யாராவது கை தட்டுவார்கள் என்று ஒரு கணம் நின்றேன்கூட.

இசைவாணி போய் ஒயரைப் பிடுங்கினாள். அதற்குள் ஸ்பீக்கர் எல்லா வீட்டுக்குள்ளும் சொல்லிவிட்டது. இசக்கிசெல்வி அழவில்லை. கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. தார்ப்பாய் ஓரத்தில் இருந்த தன் செருப்பைத் தேடி, சரியாக மாட்டிக்கொண்டு, படியேறிப் போய்விட்டது. போண்டா சாப்பிட மட்டும் எல்லாரும் இருந்தார்கள்.

மறுநாள் மாடிப்படியில் புதுக் குடம் ஒன்று ஏறியது. சுகப்பிரியா தனக்கென்று வாங்கிவந்தது. “ஏம்மா இப்படி?” என்று கேட்டேன். குடத்தைப் படியில் இறக்கி வைத்தது. “எனக்கு ஒண்ணுமில்ல சார். ஆனா இந்தத் தெருவுல எங்கூருக்காரப் புள்ளையளு இருக்கு. வீட்டுல சொல்லிட்டாவன்னா அப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாவ. எனக்கு இந்த வேலையை விட்டா கல்யாணந்தான்” என்றது. திட்டலாம் என்று போன நான் திரும்பி வந்துவிட்டேன். அந்த வாரமே கம்பெனி பஸ் இசக்கிசெல்வியை ஏற்றிக்கொள்ளாமல் போனது. நம்பிராஜனிடம் ஓடினேன். “பேச்சு சாஸ்தி அண்ணாச்சி. வேற எடம் பாத்துக்கிடட்டும்” என்றார், என் போண்டாவைத் தின்ற அதே வாயால். வேலையும் போய், ரூமில் ஒட்டியிருந்த ஒரு ஜீவனும் தள்ளி உட்கார்ந்துவிட, அந்தப் பெண் பையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கியது. கிளியம்மாளிடம் சொல்லிக்கொண்டது. என்னிடம், “வாரேன் சார்” என்றது. அதே மரியாதை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு கை அமுக்குகிறது என்று என் பெண் சொன்னாளே, இப்போது அதில் ஐந்தாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது. தட்டிக்கொடுக்கிறேன் என்று வைத்த கை.

இசைவாணி அன்றைக்கே புறப்பட்டாள். வாசலில் நின்று அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அவ வாயாலயே சொல்லட்டும்னு இத்தினி மாசமா காத்துக்கினு இருந்தேம்ப்பா. சொல்லலைன்னா, அதுவும் ஒரு பதில்தான். நீ அதை எடுத்து ஊருக்கு ஏலம் போட்டுட்ட. நல்ல மனுஷன்னு நாலு பேரு சொல்லணும்னு.” இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். கை தட்டுவார்கள் என்று நின்ற அந்தக் கணம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து ஆராய்ச்சி நின்றுபோயிருக்கும் என்று நினைக்கிறேன். படிப்பும் பாழ், ஒரு பெண்ணின் பிழைப்பும் பாழ். எல்லாம் என் ஒத்தாசையால். தங்களை இரண்டு உதவி கேட்கிறேன். ஒன்று, சென்னை ஹாஸ்டலுக்குப் போய் இசைவாணியைப் பார்த்து, அப்பனிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், திட்டினாலும் சரி. இரண்டு, இசக்கிசெல்வி இப்போது எங்கே இருக்கிறது என்று அவளிடமிருந்து எப்படியாவது விலாசம் வாங்கி அனுப்புங்கள். நானே நேரில் போய்க் கூட்டிவந்து, மைக்கில் சொன்ன தப்பை மைக்கிலேயே திருத்தி, அதே தெருவில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன். சாமியானாக்காரனிடம் பேசிவைத்துவிட்டேன். அதைச் செய்யாமல் எனக்குச் சோறு இறங்காது.

தங்கச்சிக்கு என் அன்பான விசாரிப்பு. பேரப்பிள்ளைகள் நோய்நொடி அண்டாமல், நல்ல பேர் எடுத்து, யாருக்கும் வேண்டாத உதவி செய்யாமல் நூறாண்டு வாழ என் ஆசி. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்த்துப் பாருங்கள்.

தங்கள் அன்பு மறவாத,
முனிரத்தினம்

பின்குறிப்பு: அண்ணா, கிளியம்மா எழுதறேன். போஸ்ட் பண்ணச் சொல்லி இத எங்கிட்ட குடுத்தாரு. படிச்சேன். நடந்தது அத்தனையும் நெசம், ஒண்ணுகூட மறைக்கல. ஆனா அவரு கேட்ட ரெண்டையும் நீ செய்யாத. இசைவாணி ஹாஸ்டல்ல இல்ல. சிங்கப்பெருமாள் கோவில்ல ஸ்டேஷனாண்ட ரூம் எடுத்து அந்தப் பொண்ணுகூடத்தான் கீது. அந்தப் பொண்ணுக்கு ஒரகடத்துல வேற கம்பெனில வேலை கெடச்சிடுச்சி. சுகப்பிரியாகூட ஒரு நாள் போயி வாசல்லயே நின்னுக்கினு அழுதுச்சாம், அப்பறம் உள்ள வந்து சாப்ட்டுச்சாம். நான் கோவிலுக்குன்னு இவராண்ட சொல்லிட்டு அங்கதான் போயிட்டு வரேன். ஆராய்ச்சி நின்னுபோச்சின்னு எழுதிக்கீறாரே, அதெல்லாம் நிக்கல. என்னைக்கூட ஒக்காத்தி வெச்சிக் கேட்டுச்சி. கண்ணாலம் கட்டிக்கினு இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து யாருமே கேக்காததெல்லாம் கேட்டுச்சி. இன்னா சொன்னேன்னு உனக்கும் சொல்ல மாட்டேன்.

மன்னிப்பு கேக்க வரட்டுமான்னு அந்தப் பொண்ணையே கேட்டுப் பாத்தேன். வெங்காயம் உரிச்சிக்கினு இருந்துச்சி. தலைய நிமுத்தாமயே, “சார் நல்லவியதாம்மா. ஆனா வர வேண்டாம்” அப்டின்னுச்சி. சாமியானாக்காரன வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். இவரு தெனம் சாயங்காலம் மாடிப்படில போயி ஒக்காந்துக்கினு அழுவுறாரு, அதுவும் நெசந்தான். அழுவட்டும் அண்ணா. அத அந்தப் பொண்ணு வந்து பாக்கணும்னு இல்ல.